நூல்கோலும் நமது உடல்நலமும்

சென்ற மார்கழியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆய்வுப் பணியை முடித்துக்கொண்டு, சங்கக் கட்டிடத்தின் திண்ணையில் சற்று அமர்ந்திருந்தேன். தெருவில் காய்கறி வண்டி ஒன்று வந்தது. "நூல்கோல்! நூல்கோல்!" என்று வண்டிக்காரர் குரல் கொடுத்தார். அருகில் இருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் நகைத்து, "ஐயா, நூல் என்ற பெயரில் எது வந்தாலும் விலை ஏறிவிட்டதோ என்றுதான் எங்களுக்கு அச்சம். இந்தக் காயில் நூலும் இல்லை, கோலும் இல்லை. இதற்கு ஏன் இப்படி ஒரு பெயர்?" என்று வினவினார். அப்பொழுது என்னால் விடை கூற இயலவில்லை. வண்டியைச் சுற்றி நின்ற தாய்மார்கள் தக்காளியும் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சென்றனர். நூல்கோலை ஒருவரும் தொடவில்லை.

அதே வாரத்தில் மலைப்பகுதியில் உள்ள காய்கறி விளைவிப்போர் சங்கம் ஒன்றுக்கும் செல்ல நேர்ந்தது. அங்கே வரப்போரங்களில் நூல்கோல் இலைகள் குவியல் குவியலாக வாடிக் கிடந்தன. விலை இறங்கிவிட்டமையால் பறிக்காமல் விட்ட பாத்திகளில் காய்கள் முற்றி, மாடுகளுக்குத் தீனியாகிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் விற்க வழியில்லை. மற்றோரிடத்தில் வாங்க மனமில்லை. இரு சாராரும் கூட்டுறவாளர்கள், இவ்விதழைப் படிப்பவர்கள். ஆகவே இந்தக் காயைப் பற்றி நூல்களில் படித்தும் மருத்துவ அன்பர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இரு சாராருக்கும் பயன்படுமாறு எழுத முற்பட்டேன்.

பெயரும் பிறப்பும்

முதலில் பெரியவரின் கேள்விக்கு விடை. நூல்கோல் என்பது நூலிலிருந்தும் வரவில்லை, கோலிலிருந்தும் வரவில்லை. டச்சு மொழியில் 'க்னோல்' என்றால் கிழங்கைப் போலத் திரண்டது என்று பொருள். 'கோல்' என்பது கோஸ் வகையைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்த 'க்னோல்கோல்' என்னும் சொல்லே நமது நாவில் நூல்கோல் ஆயிற்று. பேச்சு வழக்கில் அது நூக்கோல் என்றும் நூக்கல் என்றும் தேய்ந்தது. இலங்கைத் தமிழர் நோக்கோல் என்பர். கன்னட மக்கள் இதனை நவிலுகோசு, அதாவது மயில்கோஸ், என்று அழகாக அழைக்கின்றனர்.

நம்மில் பலர் இதனைக் கிழங்கு என்றே கருதுகின்றனர். அது தவறு. மண்ணுக்கு மேலே செடியின் தண்டே பருத்து உருண்டையாகிறது. அவ்வுருண்டையிலிருந்தே இலைக் காம்புகள் கிளம்புவதைக் காணலாம். முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் ஆகிய மூன்றும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இலை சுருண்டு திரளும் செடிகளை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் முட்டைக்கோஸ் கிடைத்தது. பூங்கொத்து திரளும் செடிகளைத் தேர்ந்தமையால் காலிபிளவர் கிடைத்தது. தண்டு திரளும் செடிகளைத் தேர்ந்தமையால் நூல்கோல் கிடைத்தது. இத்தாலிய மருத்துவரும் தாவர நூலாருமான மத்தியோலி 1554-இல் இதனைப் பற்றி எழுதியுள்ளார். பின்னர் அது ஜெர்மனி முதலிய நாடுகளில் பரவியது. இன்று ஐரோப்பாவில் இக்காயை மிக விரும்பி உண்போர் ஜெர்மானியரே. நமது நாட்டிலோ காஷ்மீர மக்களுக்கு இது அன்றாட உணவு. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைகளிலும், ஓசூர் வட்டாரத்திலும், குளிர் மாதங்களில் சமவெளியின் சில இடங்களிலும் விளைகிறது.

இதில் அடங்கிய சத்துக்கள்

உணவு ஆராய்ச்சியில் நமது மாநிலத்திற்குப் பழைய உறவு உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறு ஆராய்ச்சிப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. எந்தக் குன்றுகளில் நூல்கோல் விளைகிறதோ அந்தக் குன்றுகளில்தான் நமது உணவைப் பற்றிய ஆராய்ச்சியும் பிறந்தது.

தோல் நீக்கிய பச்சை நூல்கோல் 100 கிராமில் சுமார் 91 கிராம் தண்ணீரே. எஞ்சிய 9 கிராமில்தான் அதன் சிறப்பு அடங்கியுள்ளது. அது தரும் வெப்ப அளவு 27 கலோரி. அதே எடையுள்ள உருளைக்கிழங்கு ஏறத்தாழ 77 கலோரி தருகிறது. நார்ச்சத்து 3.6 கிராம், புரதம் 1.7 கிராம், பொட்டாசியம் 350 மில்லிகிராம், சோடியம் 20 மில்லிகிராம். எல்லாவற்றிலும் முதன்மையாகக் கூற வேண்டியது வைட்டமின் 'சி'. அது சுமார் 60 மில்லிகிராம் உள்ளது. ஆரஞ்சுப் பழத்தில் உள்ள அளவினும் இது சற்று அதிகம்.

இவ்வெண்கள் நமது வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்று பார்ப்போம்.

குழித்தறியில் அமர்பவருக்குக் கையும் காலும் ஓயாமல் உழைக்கின்றன. ஆனால் உடல் காலை முதல் மாலை வரை ஓரிடத்திலேயே இருக்கிறது. பாவு அறுந்துவிடுமோ, வேலை பின்தங்கிவிடுமோ என்ற கவலையில் பலர் தண்ணீர் குடிக்கக்கூட எழுவதில்லை. மலச்சிக்கல் இத்தொழிலில் உள்ளோர் அடிக்கடி சொல்லும் குறையாகும். நார்ச்சத்து நிறைந்த காய்களும் போதிய தண்ணீரும் இதற்கு எளிய பரிகாரங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இக்காய் ஏற்றது. இதில் மாவுச்சத்து குறைவு. ஒரு கைச் சோற்றைக் குறைத்து ஒரு கைப் பொரியலைக் கூட்டினால் வயிறும் நிறையும், இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறுவதும் மட்டுப்படும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்து, பொட்டாசியம் மிக்க காய்கறிகளைப் பெருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்றும், காய்களும் பழங்களும் சேர்ந்து 400 கிராமுக்குக் குறையலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் ஊறுகாயும் அப்பளமும் காயின் இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளன. உப்பு ஏறுவதும் காய் குறைவதும் அங்கே ஒருசேர நிகழ்கின்றன.

இரத்தச் சோகையும் வைட்டமின் 'சி'யும்

நான் மேலே கூறிய பெரியவரின் மருமகள் வீட்டில் தார் சுற்றுபவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு இரத்தச் சோகை என்று கூறி இரும்புச் சத்து மாத்திரைகள் கொடுத்திருந்தனர். மூன்று மாதமாக உண்டும் களைப்பு நீங்கவில்லை என்றார். "மாத்திரையை எப்பொழுது உண்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "காலையில் காப்பி குடிக்கும்போது அதனோடு விழுங்கிவிடுவேன். அப்பொழுதுதான் நினைவு இருக்கும்" என்றார்.

இது அவர் ஒருவரின் பிழை அன்று. பல வீடுகளில் நிகழ்வது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேராதபடி தடுத்துவிடுகின்றன. மாத்திரை வயிற்றுக்குள் செல்கிறது. அதன் பயனில் பெரும் பகுதி வீணாகிறது. சாப்பாட்டோடு தேநீர் அருந்தும் வழக்கத்திலும் இதே கேடு உண்டு. காப்பிக்கும் தேநீருக்கும் உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை காணப்பட்டது. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 57 பேர். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்கள் இக்குறையுடனேயே தார் சுற்றுகின்றனர், களை எடுக்கின்றனர், பிள்ளை பெறுகின்றனர். ஒரு சங்கத்தின் உற்பத்திக் கணக்கில் இக்களைப்பு எந்தத் தலைப்பிலும் எழுதப்படுவதில்லை. எனினும் அதன் நட்டத்தைச் சங்கம் ஏற்கவே செய்கிறது.

அரிசி, கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றில் இரும்புச் சத்து இல்லாமல் இல்லை. ஆனால் மாமிசத்தில் உள்ள இரும்பைப் போல அது எளிதில் உடலில் சேர்வதில்லை. தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள வேறு சில பொருள்கள் அதனைத் தடுக்கின்றன. அதே வேளை உணவில் வைட்டமின் 'சி' இருந்தால் அத்தடை பெரிதும் தளர்கிறது. நெசவாளருக்குப் புரியும் முறையில் சொன்னால், பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது, ஊடையும் வேண்டும். தானியத்தில் உள்ள இரும்பு பாவு என்றால், அதே வேளையில் உண்ணும் வைட்டமின் 'சி' ஊடை. இரண்டும் ஒரே உணவில் சேர வேண்டும். காலையில் எலுமிச்சையும் இரவில் கீரையும் என்றால் இப்பயன் கிட்டாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாள்தோறும் 80 மில்லிகிராமும், பெண் ஒருவருக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் 'சி' தேவை. ஒருவர் 150 கிராம் நூல்கோல் உண்கிறார் என்று கொள்வோம். பச்சையில் அதில் சுமார் 90 மில்லிகிராம் இருக்கும். சமையலில் பாதி அழிந்தது என்றே வைத்துக்கொண்டாலும் 45 மில்லிகிராம் எஞ்சுகிறது. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே காயில் கிடைத்துவிடுகிறது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இச்சத்து இதனினும் பன்மடங்கு உண்டு. அவை கிடைத்தால் அவற்றையும் உண்க. ஆனால் அவற்றைச் சோற்றோடு காயாகச் சமைத்து உண்பதில்லை. நூல்கோல் சாம்பாரிலும் கூட்டிலும் பொரியலிலும் அமைந்து, இரும்புச் சத்துள்ள சோறு, பருப்பு ஆகியவற்றோடு ஒரே இலையில் வந்து சேர்கிறது. அதுவே இதன் தனிப்பயன். இது மாத்திரைக்குப் பதில் அன்று. இரத்தச் சோகை கண்டவர் மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தலாகாது.

எறியப்படும் இலை

நாம் விலை கொடுத்து வாங்கும் உருண்டையை விட, விலையின்றி எறியும் இலை சத்து மிகுந்தது. கால்சியமும், கண்ணுக்கு நலம் தரும் கரோட்டீனும் உருண்டையில் மிகக் குறைவு. இலையில் அவை பன்மடங்கு உள்ளன. வைட்டமின் 'சி'யும் இலையில் நிறைய உண்டு. காஷ்மீரத்தில் இலையையும் உருண்டையையும் சேர்த்தே வாங்குகின்றனர், சேர்த்தே சமைக்கின்றனர். இலை இல்லாத நூல்கோலை அங்குள்ள இல்லத்தரசி குறையுள்ளதாகவே கருதுவார். நம்மிடமோ அது வயலிலேயே ஒடித்தெறியப்படுகிறது. எஞ்சியது மொத்தச் சந்தையில் குப்பையாகிறது. அங்கும் தப்பியது வீட்டு அரிவாள்மணையின் அடியில் விழுகிறது.

இளம் இலைகளை நரம்பு நீக்கி நறுக்கி, முருங்கைக் கீரையைப் போலப் பொரியல் செய்யலாம். பாசிப்பருப்புடன் கூட்டாகவும் மசியலாகவும் செய்யலாம். சிறிது கசப்பு இருப்பின் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் அதனை மாற்றிவிடும். இலை ஓரிரு நாட்களில் வாடிவிடும். ஆகவே வாங்கிய அன்றே இலையைத் தனியே பிரித்து, முதலில் அதனைச் சமைத்துவிட வேண்டும். இலை நீக்கிய உருண்டை குளிர்ந்த இடத்தில் பல நாட்கள் கெடாமல் இருக்கும்.

சமையலில் இழப்பதும் காப்பதும்

வைட்டமின் 'சி' தண்ணீரில் கரையும், வெப்பத்தில் அழியும், நறுக்கி வைத்தால் காற்றுப்பட்டுக் குறையும். நமது சமையல் முறையில் இம்மூன்றும் நடைபெறுகின்றன. காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நெடுநேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிறைய நீர் விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் வீடுகள் பல. வாங்கிய சத்தில் பெரும் பகுதி வடிதட்டின் வழியே ஓடிவிடுகிறது.

தாய்மார்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பின் நலம்:

1. முழுக் காயாகவே கழுவுக. நறுக்கிய பின் கழுவுதல் வேண்டா.

2. தோலைச் சற்று ஆழமாகச் சீவுக. அடிப்பக்கத்தில் நார் மிகுதி, அதனை நீக்கிவிடுக. ஊதா நிறத் தோலுள்ள வகையும் உட்புறம் வெண்மையே.

3. சமைக்கும் வேளையில் நறுக்குக. மிகச் சிறிதாக நறுக்க வேண்டியதில்லை.

4. குறைந்த நீரில், மூடி போட்டு, மென்மையாகும் அளவுக்கு மட்டும் வேகவிடுக. ஆவியில் வேகவைத்தல் அதனினும் நன்று.

5. வெந்த நீர் மிஞ்சினால் கொட்டாமல் சாம்பாரிலோ ரசத்திலோ சேர்த்துக்கொள்க.

6. வாரம் ஒரு முறையேனும் பச்சையாக உண்க. இளங்காயைத் துருவி, எலுமிச்சைச் சாறும் கொத்துமல்லியும் சேர்த்து, கடுகு தாளித்தால் சுவையான பச்சடி ஆகும். தயிரிலும் சேர்க்கலாம். இதில் சத்து ஒரு சிறிதும் நெருப்புக்கு இரையாவதில்லை.

சிலர் இதன் மணம் பிடிக்கவில்லை என்று கூறுவர். கோஸ் வகைகளில் கந்தகம் கலந்த சில பொருள்கள் இருப்பதே அம்மணத்திற்குக் காரணம். அதிக நேரம் வேகவைக்கும்போதுதான் அது மிகுதியாகிறது. அளவாக வேகவைத்தால் மணமும் அடங்கும், சத்தும் நிற்கும். இக்கந்தகப் பொருள்கள் புற்றுநோயைத் தடுக்குமா என்று உலகின் பல ஆய்வகங்களில் ஆராய்ந்து வருகின்றனர். ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் கிடைத்துள்ளன. எனினும் மனிதர்களிடத்தில் அது ஐயமற நிறுவப்படவில்லை. ஆகவே நூல்கோல் புற்றுநோயைத் தீர்க்கும் என்று எவரேனும் கூறினால் நம்பற்க.

கவனிக்க வேண்டியவர்கள்

தைராய்டுக் குறை உள்ளவர்கள் கோஸ் வகைகளைத் தொடவே கூடாது என்னும் அச்சம் பரவியுள்ளது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1928-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காக முட்டைக்கோஸையே இடைவிடாது தின்னக் கொடுத்து வளர்த்த முயல்களுக்குக் கழுத்துக்கழலை உண்டாயிற்று. ஆனால் மனிதர் எவரும் கோஸ் ஒன்றையே உண்டு வாழ்வதில்லை. அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தி, சமைத்த நூல்கோலை வாரம் இரண்டு மூன்று முறை அளவோடு உண்பவருக்கு இதனால் தீங்கு நேர்வதாகத் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை உண்பவர்கள் மாத்திரையை நிறுத்தாமல், தம் மருத்துவரைக் கேட்டு உண்பது சாலச் சிறந்தது.

சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருக்கும். அவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இதனைப் பெருக்கலாகாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் இதன் இலையையும் பிற கீரைகளையும் ஒரு நாள் மிகுதியாகவும் ஒரு நாள் இல்லாமலும் உண்ணாது, ஒரே அளவாக உண்ண வேண்டும். கீரைகளில் உள்ள வைட்டமின் 'கே' அம்மாத்திரையின் வேலையை மாற்றும். வயிறு உப்புசம் காண்பவர்கள் சிறு அளவில் தொடங்கிப் பழகிக்கொள்ளலாம்.

விளைவிப்போர் கவனத்திற்கு

மக்கள் நூல்கோலை வெறுப்பதற்கு முதற்காரணம் சந்தைக்கு வரும் முற்றிய காயே. நாற்று நட்ட சுமார் 45 முதல் 60 நாட்களில், குறுக்களவு 5 முதல் 7 சென்டிமீட்டர் இருக்கும்போதே காயைப் பறித்துவிட வேண்டும். வெண்ணிறமான ஒயிட் வியன்னா, ஊதா நிறமான பர்ப்பிள் வியன்னா ஆகிய இரு வகைகளுக்கும் இது பொருந்தும். எடை கூடட்டும் என்று காத்திருந்தால் நார் ஏறி, மரக்கட்டை போலாகிறது. பாத்தியை நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று நீர் பாய்ச்சினால் உருண்டை வெடித்துவிடும்.

இங்கே ஒரு தீய சுழல் இருப்பதைக் காண்கிறோம். விலை இறங்கினால் உழவர் பறிப்பதைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டால் காய் முற்றுகிறது. முற்றிய காயை ஒருமுறை வாங்கி ஏமாந்த இல்லத்தரசி மறுமுறை வாங்குவதில்லை. வாங்குவோர் குறைந்தால் விலை மேலும் இறங்குகிறது. ஒரே நாளில் எல்லோரும் விதைப்பதை விட்டு, 10 அல்லது 15 நாட்கள் இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்தால் இளங்காய் தொடர்ந்து கிடைக்கும்.

இலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைரமுதுகு அந்துப்பூச்சி முதலியவை கோஸ் வகைகளின் இலையைத் துளைப்பதால் மருந்து தெளிக்கின்றனர். உருண்டையின் தோலைச் சீவிவிடலாம். இலையைச் சீவ இயலாது. ஆகவே இலையையும் உணவாக விற்க விரும்புவோர், மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்களைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். இயன்ற மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு போன்றவற்றையே கையாள வேண்டும். உண்பவர் குழந்தையும் நம் குழந்தையே என்ற எண்ணம் இருந்தால் இதற்குத் தனிச் சட்டம் வேண்டியதில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியது

உழவரும் உண்பவரும் நேரில் கூடும் உழவர் சந்தைகள் 1999-இல் தொடங்கின. கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகள் 2013-இல் தொடங்கின. இவை நல்ல முன்மாதிரிகள். ஆனால் நெசவாளர் குடியிருப்பு பெரும்பாலும் இவற்றுக்குத் தொலைவில் உள்ளது. தறியை நிறுத்திவிட்டுச் சந்தைக்குச் செல்வது ஒரு வேளைக் கூலியை இழப்பதாகும்.

ஆகவே ஒரு யோசனையைக் கூற விரும்புகிறேன். நெசவாளர் சங்கம் ஒன்று, துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், நிர்வாகக் குழுத் தீர்மானத்துடன், அருகில் உள்ள விளைவிப்போர் சங்கத்தோடு வாரம் ஒரு முறை காய்கறி பெற ஏற்பாடு செய்துகொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 100 குடும்பங்கள் வாரம் ஒரு கிலோ நூல்கோலை இலையுடன் கேட்டால் 100 கிலோவுக்கு உறுதியான தேவை உண்டாகிறது. இது பெரிய அளவன்று. ஆயினும் எந்த நாளில் எவ்வளவு பறிக்க வேண்டும் என்பது உழவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. காய் முற்றுவதில்லை, இலை வாடுவதில்லை, இடையில் பல கைகள் மாறுவதில்லை. பெறுவோர் முன்னதாகப் பெயர் கொடுத்து, பெறும் அன்றே பணம் செலுத்திவிட வேண்டும். கடன் கணக்கில் காய்கறி விற்கத் தொடங்கினால் இம்முயற்சி ஓராண்டும் நிலைக்காது. இதனை ஆய்வாளன் என்ற முறையில் அழுத்திக் கூறுகிறேன்.

நூல்கோல் இங்கே ஒரு தொடக்கமே. அது கிடைக்காத மாதங்களில் முள்ளங்கி, அவரை, கீரை என்று பருவத்திற்கேற்ற காய் எதுவாயினும் இவ்வேற்பாடு பொருந்தும்.

பங்குனியில் மீண்டும் அந்த நெசவாளர் சங்கத்திற்குச் சென்றேன். பெயரின் வரலாற்றைப் பெரியவரிடம் கூறினேன். "அப்படியானால் இது எங்கள் நூல் இல்லை, டச்சுக்காரன் கோஸ்" என்று கூறி நகைத்தார். அவருடைய மருமகள் மாத்திரையைக் காப்பிக்கு முன்னரே தனியாக உண்டு வருவதாகவும், முன்பிருந்த தலைச்சுற்றல் குறைந்திருப்பதாகவும் கூறினார். சாப்பாட்டில் வாரம் இருமுறை நூல்கோல் இடம்பெறுகிறது. இலையைப் பிள்ளைகள் இன்னும் ஒதுக்கிவைக்கின்றனராம். இந்நலம் மாத்திரையால் வந்ததா, காயால் வந்ததா என்று நான் தீர்ப்பு வழங்க மாட்டேன். காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்ததற்குச் செலவு ஏதும் இல்லை. வடித்துக் கொட்டிய நீரைச் சாம்பாரில் சேர்த்ததற்கும் செலவு இல்லை.

அன்று மாலையும் அதே காய்கறி வண்டி தெருவில் வந்தது. பெரியவர் எழுந்து சென்று, ஒரு காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, "முற்றல்" என்று திருப்பி வைத்தார். மற்றொன்றை எடுத்தார். இளங்காயாக மூன்று தேர்ந்தெடுத்துக்கொண்டு, "இலை எங்கே, தம்பி?" என்று வண்டிக்காரரைக் கேட்டார். "யாரும் கேட்பதில்லை என்று மண்டியிலேயே ஒடித்துவிட்டார்கள், ஐயா" என்று விடை வந்தது. "இனிமேல் நாங்கள் கேட்போம், நாளைக்கு இலையோடு கொண்டு வா" என்றார் பெரியவர்.

ஒவ்வொரு தெருவிலும் இவ்வாறு கேட்கும் குரல் எழுமாயின், மலைமேல் வரப்போரத்தில் இலை வாடிக் கிடக்காது.